கேளுங்க… மெதுவாக் கேளுங்க!

இந்த முறை பெரம்பலூர், அரியலூர் வாசகர்களின் கேள்விகள் மட்டும். யாரோ ஒரு சீனத் தாத்தாவின் வீடியோவை வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. வந்து குவிந்ததெல்லாம் சீன உடற்பயிற்சியான தாய் சி பற்றிய கேள்விகள். பெயரைப் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், எல்லோருக்கும் ஊரே பெயர்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஜெயங்கொண்டம்: சிங்கப்பூரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுக்குமாடிக்குக் கீழே திறந்த தளத்தில் சீனப் பெரியவர்கள் விடியற்காலையில் மெல்ல மெல்லக் கைகாலை அசைக்கிறார்கள். எனக்குப் பிரஷர், சுகர் இரண்டும் உண்டு. நானும் செய்தால் பலன் இருக்குமா? ஊரில் சிரிக்க மாட்டார்களா?

பலன் இருக்கும். சிரிக்கவும் செய்வார்கள். ஆனால் சிரிப்பு ஒரு வாரத்துக்கு மேல் ஓடாது. அதற்குள் தெருவில் வேறு யாராவது மாட்டுவார்கள்.

பிரஷர் கணக்கை முதலில் பார்ப்போம். பெய்ஜிங்கில் 342 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2024-ல் வெளியானது. எல்லோரும் பிரஷர் எல்லைக்கோட்டில் நிற்பவர்கள். பாதிப் பேருக்குத் தாய் சி. மீதிப் பேருக்கு வேக நடை, ஓட்டம், சைக்கிள். வாரத்துக்கு நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம், ஒரு வருடம். முடிவில் மேல் அளவு தாய் சி குழுவுக்குச் சராசரியாக 7 புள்ளி இறங்கியது. ஓடியவர்களுக்கு 4.6 தான். வேர்க்க விறுவிறுக்க ஓடியவர்களை, நின்ற இடத்தை விட்டு அதிகம் நகராதவர்கள் முந்திவிட்டார்கள்.

இதைப் படித்ததும் மாத்திரை டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சார். அவர்கள் மாத்திரைக்கு வராதவர்கள், நீங்கள் வந்துவிட்டவர். இரண்டும் சேர்ந்து ஓடட்டும். அளவு இறங்கினால் மாத்திரையைக் குறைப்பது டாக்டர் வேலை.

சுகருக்கு வந்தால் என் குரல் கொஞ்சம் தாழும். சும்மா இருந்தவர்களைவிடத் தாய் சி செய்தவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரியும் குறைந்திருக்கின்றன. நடைப்பயிற்சிக்காரர்களோடு வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற எந்த பஸ்ஸில் ஏறினாலும் ஏழு பேருக்கு ஒருவர் உங்கள் கட்சி. அவர்கள் நடந்தாலும் சரி, நின்று அசைந்தாலும் சரி, ஏதாவது செய்தால் எனக்குச் சந்தோஷம்.

கல்லூரி மாணவர், பெரம்பலூர்: தாய் சியைச் சீனாவுக்குக் கொண்டுபோனதே நம்ம காஞ்சிபுரம் போதிதர்மர்தானே? நம்ம சொத்தை நமக்கே விற்கிறார்களே!

‘7ஆம் அறிவு’ படம் 2011-ல் வந்தது, தம்பி. வரலாறு அதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிட்டது. போதிதர்மரை ஷாவோலின் மடத்துச் சண்டைப் பயிற்சியோடு முடிச்சுப் போடுவது ரொம்பப் பிற்காலத்துக் கதை. அதற்கு ஆதாரமாகக் காட்டுகிற உடற்பயிற்சி நூலே 17-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. தாய் சியின் தாய்வீடு ஹெனான் மாகாணத்தில் சென் குடும்பத்தாரின் கிராமம். சென் வாங்டிங் என்ற பழைய படைவீரர் பெயரைச் சொல்கிறார்கள். அவரும் 17-ஆம் நூற்றாண்டுதான். அங்கிருந்து யாங், வூ, சுன் என்று குடும்பத்துக்கு ஒரு பாணியாகப் பிரிந்தது. 1956-ல் சீன அரசின் விளையாட்டுத் துறை அதை 24 அசைவாகச் சுருக்கி ஊர் முழுக்கப் பரப்பியது. யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் 2020-ல் சேர்த்தது. ராயல்டி கேட்டு வழக்குப் போட நமக்கு வழியில்லை.

முந்திரித் தோப்புக்காரம்மா, ஆண்டிமடம்: பங்குனி, சித்திரை முழுக்கக் குனிஞ்சு குனிஞ்சு முந்திரிக்கொட்டை பொறுக்குறோம். எனக்கு வயசு அறுபத்திரண்டு. முட்டி தேஞ்சு போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உக்காந்தா எந்திரிக்க முடியல. இந்த முட்டிய வெச்சுக்கிட்டு சீனாக்காரன் ஆட்டம் ஆடச் சொல்லுது எம் பேத்தி. நியாயமா?

பேத்தி பக்கம்தான் நியாயம் இருக்கிறது, அம்மா. பாஸ்டன் நகரத்தில் முட்டித் தேய்மானக்காரர்கள் 204 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வாரம் இரண்டு நாள் தாய் சி, பன்னிரண்டு வாரம். மறுபாதிக்கு முறையான பிசியோதெரபி. 2016-ல் முடிவு வந்தது: வலி இரண்டு பக்கமும் ஒரே அளவு குறைந்திருந்தது. மனச்சோர்வு மட்டும் தாய் சிக்காரர்களுக்கு இன்னும் கூடுதலாகக் குறைந்திருந்தது. அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்களின் சங்கம் தன் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் முட்டிக்கும் இடுப்புக்கும் தாய் சியை அழுத்தமாகவே பரிந்துரைத்திருக்கிறது. டாக்டர்கள் கூடி ஒரு சீன ஆட்டத்துக்கு இப்படிக் கையெழுத்துப் போடுவது தினமும் நடக்கிற காரியம் இல்லை.

தேய்ந்ததை ஒட்டவைக்கிற வித்தை எதுவும் இதில் கிடையாது. குருத்தெலும்பு திரும்பி முளைக்காது. ஆனால் வலிக்குப் பயந்து நாம் உட்கார்ந்துவிடுகிறோம். உட்கார உட்காரத் தொடைச் சதை வற்றுகிறது. சதை வற்றினால் அது தாங்க வேண்டிய பாரமும் முட்டி தலையில் விழுகிறது. வலி இன்னும் கூடுகிறது. இந்தச் சுற்றை எங்காவது ஓர் இடத்தில் அறுக்க வேண்டும். சதையில் அறுப்பதுதான் சுலபம்.

ஒரே ஓர் அடி சொல்லித் தருகிறேன், வாசலிலேயே செய்யலாம். பக்கத்தில் கனமான நாற்காலி ஒன்று, அதன் முதுகில் ஒரு கை. முட்டியை விறைக்காமல் தளர்த்துங்கள். மடக்க வேண்டாம், தளர்த்தினால் போதும். உடம்புப் பாரம் முழுவதும் இடது காலுக்குப் போகட்டும். போய்விட்டதா என்று தெரிய, வலது பாதத்தைத் தரையிலிருந்து ஒரு விரல் உயரம் எடுங்கள். உடம்பு ஆடாமல் எடுக்க முடிந்தால் பாரம் போய்விட்டது என்று அர்த்தம். இப்போது வலது குதிகாலை அரை அடி முன்னால் வையுங்கள். வைப்பது மட்டும்தான், பாரம் இன்னும் இடதிலேயே நிற்கிறது. பிறகு மனதுக்குள் ஆறு எண்ணிக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தை வலது காலுக்கு மாற்றுங்கள். குதிகால், நடுப்பாதம், விரல் என்று வரிசையாகப் பதியும். முட்டி கால்விரலைத் தாண்டி முன்னால் போகக் கூடாது, உள்பக்கமும் சரியக் கூடாது. பார்வை தரையில் வேண்டாம், எதிர்வீட்டுக் கூரையில் இருக்கட்டும். இது ஓர் அடி. இதே மாதிரி பத்து அடி போட்டுப் பாருங்கள். தொடை நடுங்கி, பேத்தியைத் திட்டத் தோன்றும். மெதுவாகச் செய்வதால் சுலபம் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் வாயடைத்துப் போகிறார்கள்.

வீடியோவில் தரையோடு தரையாக இறங்குகிறார்களே, அதைப் பார்த்துச் செய்யாதீர்கள். அது போட்டிக்குப் போகிறவர்களுக்கு.

ஜவுளிக்கடைக்காரர், துறைமங்கலம்: தொப்பை குறையுமா?

ஹாங்காங்கில் ஐம்பது வயது தாண்டிய 543 பேரை வைத்து அளந்திருக்கிறார்கள். பன்னிரண்டு வாரத்தில், ஒன்றும் செய்யாதவர்களோடு ஒப்பிட்டால், தாய் சிக்காரர்களின் இடுப்புச் சுற்றளவு 1.8 சென்டிமீட்டர் குறைந்தது. வழக்கமான உடற்பயிற்சி செய்தவர்களுக்கு 1.3. பெல்ட்டில் அடுத்த ஓட்டைக்குக்கூடக் காணாது. மீதிக்கு ராத்திரி பரோட்டாவோடு பேச்சுவார்த்தை நடத்துங்கள்.

சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுநர், அரியலூர்: சுரங்கத்துக்கும் ஃபேக்டரிக்கும் ஓட்டி ஓட்டி இருபது வருசம் ஆச்சு. இப்ப மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது. தாய் சி செஞ்சா நுரையீரல் சுத்தமாகும்னு வீடியோவுல சொல்றாங்க. ஆகுமா?

சுத்தமாகாது. நுரையீரலைக் கழுவிக் காயப்போடுகிற பயிற்சி உலகத்தில் எதுவும் இல்லை. அப்படிச் சொல்கிற வீடியோவை அழித்துவிடுங்கள்.

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2022-ல், ஊரிலேயே காட்டிக்கொள்ளலாம். நெஞ்சு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, குழாயில் ஊதிப் பார்க்கிற ஸ்பைரோமெட்ரி மூன்றையும் கேளுங்கள். உங்கள் மூச்சிரைப்புக்குத் தூசி, பீடி, காசநோய், இதயம் என்று நாலு சந்தேகப் புள்ளிகள் இருக்கின்றன. எவன் என்று தெரியாமல் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருப்பது, திருடன் உள்ளே இருக்கும்போது வாசலில் கோலம் போடுகிற கதை.

சிஓபிடி, அதாவது நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் என்று டாக்டர் சொன்னால் அப்போது தாய் சிக்கு வேலை இருக்கிறது. சீனக் கிராமப்புறத்தில் 120 நோயாளிகளுக்கு முதலில் இன்ஹேலர் மருந்தைத் தொடங்கினார்கள். பிறகு பாதிப் பேரை மெஷின், சைக்கிள் எல்லாம் வைத்து நடத்துகிற நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பாதிப் பேரைத் தாய் சிக்கு. பன்னிரண்டு வார முடிவில் இரண்டு குழுவும் சமமாகவே தேறியிருந்தது. அடுத்த பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் தாய் சி குழு கொஞ்சம் முன்னால் நின்றது. 2018-ல் வந்த இந்த முடிவில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மெஷின் ஆஸ்பத்திரியோடு நின்றுவிடும். தாய் சி உங்களோடு வீட்டுக்கு வரும். ஒன்றைக் கவனித்தீர்களா? இரண்டு பக்கமும் யாரும் இன்ஹேலரை விடவில்லை.

அரியலூர் ஒரு காலத்தில் கடல். வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போனால் சுருண்டு கிடக்கிற அம்மோனைட்டுகளைப் பார்க்கலாம். அந்தக் கடல் விட்டுவிட்டுப் போன சுண்ணாம்பைத்தான் நாம் தோண்டிச் சிமெண்ட்டாக்கி நாடு முழுக்க வீடு கட்டுகிறோம். அதில் ஒரு பங்கு உங்கள் நெஞ்சுக்குள்ளும் வீடு கட்டுகிறது. சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சேரும்போது ஒரு தடவையும், பிறகு குறிப்பிட்ட இடைவெளியிலும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. ஒப்பந்த லாரிக்காரர் கணக்கில் வரமாட்டார் என்று யாராவது கழற்றிவிட்டால் சங்கத்தில் பேசுங்கள். பயிற்சியை லாரி போகிற ரோட்டோரத்தில் செய்யாதீர்கள், வீட்டுக்குள்ளேயே செய்யுங்கள். பீடி இருந்தால், அதைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

இல்லத்தரசி, சிறுவாச்சூர்: வாரத்தில் எத்தனை நாள் செய்ய வேண்டும்?

உங்கள் ஊர் மதுரகாளியம்மன் வழக்கமாகத் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் கதவு திறக்கிறாள். பெரும்பாலான ஆய்வுகளும் அதே கணக்குதான்: வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம், குறைந்தது பன்னிரண்டு வாரம். கும்பலாகச் செய்வதை அந்த இரண்டு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் வீட்டிலேயே கால் மணி நேரம் போதும்.

மகள், திருமழபாடி: அப்பாவுக்கு எழுபத்தோரு வயது. பார்க்கின்சன் நோய் வந்து நான்கு வருடம் ஆகிறது. போன மாதம் மட்டும் இரண்டு முறை விழுந்துவிட்டார். தாய் சி அவருக்கு உதவுமா, இல்லை அதைச் செய்யப் போய் மறுபடி விழுவாரா?

எனக்கு வந்த கேள்விகளில் இதற்குத்தான் தாய் சியிடம் நல்ல பதில் இருக்கிறது.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை மூன்று குழுவாக்கினார்கள்: தாய் சி, பளு வைத்துச் செய்யும் பயிற்சி, வெறுமனே கைகாலை நீட்டி மடக்குவது. வாரம் இரண்டு நாள், 24 வாரம். நிலைகொண்டு நிற்பதில் தாய் சி குழு மற்ற இரண்டையும் தாண்டியது. நீட்டி மடக்கியவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள். பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்தும் அந்தப் பலன் நின்றது. 2012-ல் வந்த ஆய்வு இது. அதே குழுவினர் 2018-ல் இன்னொன்றும் வெளியிட்டார்கள்: எழுபது வயதுக்கு மேல், ஏற்கெனவே விழுந்தவர்களும் நடை தடுமாறுகிறவர்களுமாக 670 பேர். நீட்டி மடக்கியவர்களோடு ஒப்பிட்டால் தாய் சி குழுவில் விழுதல் 58 சதவீதம் குறைவு. பல பயிற்சிகளைக் கலந்து செய்தவர்களோடு ஒப்பிட்டாலும் 31 சதவீதம் குறைவு.

நம் வீடுகளில் சுகருக்கு நோட்டுப் போட்டு எழுதுகிறோம், பிரஷருக்கு மெஷின் வாங்குகிறோம். விழுவதை மட்டும் யாரும் கணக்கில் வைப்பதில்லை. ‘வயசாச்சு, தடுக்கி விழுந்துட்டாரு’ என்று முடித்துவிடுகிறோம். அடுத்த தடவை இடுப்பு எலும்பு முறிந்து படுத்த பிறகுதான் தெரிகிறது, அந்த வீட்டின் மிகப் பெரிய நோய் எது என்று. முதுமையில் இடுப்பு முறிந்து படுப்பவர்களில் பலர் பழைய நடைக்குத் திரும்புவதே இல்லை. அதனால் இரண்டு முறை விழுந்ததை இப்போதே எழுதிக் கேட்டீர்களே, அதற்கு உங்களைப் பாராட்ட வேண்டும்.

செய்கிற விதம் முக்கியம். மாத்திரை போட்டு, உடம்பு இளகி, நன்றாக நடமாடுகிற நேரம் எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். பயிற்சி அந்த நேரத்தில்தான். பின்னால் ஒரு நாற்காலி, பக்கத்தில் நீங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இடுப்பருகே கை தயாராக இருக்கட்டும், தொட வேண்டாம். முதல் மாதம் கை அசைவே வேண்டாம், பாரம் மாற்றுவது மட்டும் போதும். பார்க்கின்சன்காரர்கள் திரும்பும்போதுதான் அதிகம் தடுமாறுவார்கள். ஒரே சுழற்றாகத் திரும்பாமல், நாலைந்து சின்ன அடியாக எடுத்து வைத்துத் திரும்பச் சொல்லுங்கள். அடுப்படிக்குப் போனாலும் அப்படித்தான், கொள்ளிடக் கரைக்குப் போனாலும் அப்படித்தான். கை நடுக்கம் இதனால் நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காலுக்குத்தான் இந்த மருந்து. நரம்பியல் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.

‘உண்மை விளம்பி’, குன்னம்: இவ்வளவு நல்ல விஷயத்தை மருந்துக் கம்பெனிகள் ஏன் மறைக்கின்றன?

உலக டாக்டர்கள் காலையில் காபியோடு புரட்டுகிற நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினிலேயே 2010-ல் ஒரு தடவையும், 2012-ல் ஒரு தடவையும் தாய் சி ஆய்வு வந்தது. மறைக்கத் தெரியாதவர்கள்.

கிராம செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர், வேப்பந்தட்டை: நியூ இங்கிலாந்து ஜர்னலில் 2010-ல் ஒரு தாய் சி ஆய்வு வந்ததாமே, அது எதைப் பற்றியது?

ஃபைப்ரோமயால்ஜியா. உடம்பு முழுக்க வலி, தூக்கமில்லை, எல்லா டெஸ்ட்டும் நார்மல். ‘உனக்கு ஒண்ணுமில்லம்மா, மனசுதான்’ என்று வீட்டில் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். உங்கள் சர்வீஸில் இப்படி எத்தனை பெண்களைப் பார்த்திருப்பீர்கள்! 66 பேரை வைத்துச் செய்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் வலி, தூக்கம், மனநிலை எல்லாமே தாய் சி குழுவுக்கு மேம்பட்டது. சின்ன ஆய்வுதானே என்று முணுமுணுப்பு வந்தது. 2018-ல் 226 பேரை வைத்து மறுபடி பார்த்தார்கள், இந்த முறை வேகமான உடற்பயிற்சியோடு நேருக்கு நேர். தாய் சி பின்வாங்கவில்லை, சில விதத்தில் முந்தவும் செய்தது. ‘மனசுதான்’ என்று சொன்னவர்களுக்கு இரண்டையும் அனுப்பி வையுங்கள்.

மரச்சிற்பத் தொழிலாளி, அரும்பாவூர்: நாள் முழுக்கக் குனிந்து உளி பிடிப்பதால் கழுத்தும் தோள்பட்டையும் இறுகிப் போகின்றன. உதவுமா?

2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கைகளுக்குக் கழுத்து வலி என்றால் ஊருக்கே நஷ்டம். ஜெர்மனியில் நாள்பட்ட கழுத்து வலிக்காரர்கள் 114 பேரிடம் பார்த்தார்கள். ஒன்றும் செய்யாமல் காத்திருந்தவர்களைவிடத் தாய் சி செய்தவர்களுக்கு வலி குறைந்தது. ஆனால் சாதாரணக் கழுத்துப் பயிற்சி செய்தவர்களைவிட அதிகமாகக் குறையவில்லை. எது பிடிக்கிறதோ அதைச் செய்யுங்கள். அதைவிட முக்கியம், மரத்தைத் தரையிலிருந்து தூக்கி உயரமான பலகையில் வையுங்கள். சாமி உங்கள் கண் மட்டத்துக்கு வந்தால் அவருக்கும் மரியாதை, கழுத்துக்கும் நல்லது. கை மரத்தாலோ, பிடி நழுவினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

மளிகைக்கடைக்காரர், லப்பைக்குடிக்காடு: பதினைந்து வருடச் சுகர். பாதம் மரத்துப்போய்ப் பஞ்சில் நடக்கிற மாதிரி இருக்கிறது. தாய் சியை வெறுங்காலில்தான் செய்ய வேண்டுமா?

வெறுங்காலில் செய்யவே கூடாது. உங்கள் பாதத்துக்குக் கல்லும் தெரியாது, ஆணியும் தெரியாது. தட்டையான, கெட்டியான அடியுள்ள, குதிகாலைப் பிடித்துக்கொள்கிற கேன்வாஸ் ஷூ போதும். ஹவாய் செருப்பு வேண்டாம், பக்கவாட்டில் அடி வைக்கும்போது நழுவும். ஷூவுக்குள் காலை விடும் முன் கையை விட்டுப் பாருங்கள். முடித்த பிறகு விரலிடுக்கு வரை பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் வைத்துக்கொள்ளுங்கள். பாதத்தில் புண் இருந்தால் ஆறும்வரை பயிற்சியே கிடையாது. இன்சுலின் போடுகிறவராக இருந்தால் வெறும் வயிற்றில் ஆரம்பிக்காதீர்கள். உங்கள் கடை மிட்டாய் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

ஸ்டென்ட் வைத்தவர், தா.பழூர்: இதயம் பலமாகுமா?

இதயம் பலவீனமானவர்கள் 100 பேரிடம் 2011-ல் வந்த ஆய்வு: ஆறு நிமிடத்தில் நடக்கிற தூரம் கூடவில்லை. ஆனால் அன்றாட வாழ்க்கை எவ்வளவு சுகமாக இருக்கிறது என்ற அளவும், மனநிலையும், ‘என்னால் முடியும்’ என்ற தைரியமும் கூடின. பலத்துக்கு வேறு பயிற்சி வேண்டும், அதை இதய டாக்டர் சொல்லட்டும். பயம் போக இது உதவும். ஸ்டென்ட் வைத்த பிறகு வீட்டுக்குள்ளேயே பதுங்கிக் கிடக்கிறவர்களுக்குப் பயம் போவது சின்ன விஷயம் இல்லை. நெஞ்சு இறுகினால், தலை சுற்றினால் அப்படியே உட்கார்ந்துவிடுங்கள். அசைவை முடித்துவிட்டு உட்காரலாம் என்ற கௌரவம் வேண்டாம்.

யோகா ஆசிரியை, பெரம்பலூர்: யோகா பிறந்த நாட்டில் எதற்குச் சீனச் சரக்கு?

கோபப்படாதீர்கள், உங்கள் வகுப்பு பக்கத்தில் இருந்தால் உங்களிடமே வரச் சொல்வேன். வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சி சொல்லித் தருகிற மன்றங்களும் நிறைய ஊர்களில் இருக்கின்றன; தாராளமாகப் போகலாம். நடக்க முடிந்தவர்களுக்கு 2023 நவம்பரில் அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டத்துக்கு மாவட்டம் எட்டு கிலோமீட்டர் பாதை குறித்திருக்கிறார்கள்.

தாய் சிக்கு நான் தருகிற ஒரே கூடுதல் மார்க், பாய் வேண்டாம் என்பதற்கு. முட்டி தேய்ந்த ஒருவர் பாயில் உட்காருவதே ஓர் ஆசனம், எழுந்திருப்பது இன்னோர் ஆசனம். இரண்டுக்கும் நடுவில் நீங்கள் சொல்லித் தருவதற்கு அவரிடம் தெம்பு மிச்சமிருக்காது. நின்றபடியே செய்கிற யோகா வகுப்பு ஒன்றைப் பெரியவர்களுக்கென்று தொடங்குங்கள். முதல் ஆளாக உங்களுக்கு இந்தப் பத்தியிலேயே விளம்பரம் போடுகிறேன், இலவசமாக.

ரேஷன் கடை ஊழியர், கீழப்பழுவூர்: எங்கள் பக்கம் தாய் சி வாத்தியார் எவரும் இல்லையே. எங்கே போய்க் கற்பது?

ஆரோவில்லில் தாய் சிக்கென்றே தனி அரங்கம் இருக்கிறது. ஒரு தடவை போய் ஒழுங்காகக் கற்று வந்து நாலு பேருக்குக் காட்டுகிற உடம்பும் வசதியும் உள்ள இளைஞர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் அனுப்பி வையுங்கள். பெரம்பலூர்க்காரர்கள் ரயிலுக்குக் காத்திருக்கிற மாதிரி வாத்தியாருக்குக் காத்திருக்க வேண்டாம்.

வீடியோ பார்த்துச் செய்வதென்றால் 24 அசைவையும் ஒரே மூச்சில் விழுங்கப் பார்க்காதீர்கள். ஆஸ்திரேலிய டாக்டர் பால் லாம் மூட்டுவலிக்காரர்களுக்கென்று 1997-ல் உருவாக்கிய சிறிய தொகுப்பு ஒன்று உண்டு. நிமிர்ந்து நின்று செய்கிற சுன் பாணி, முட்டியை அதிகம் மடக்காது. அதிலிருந்து தொடங்குங்கள்.

என் சொந்த யோசனை ஒன்று: ஊர்ச் சிலம்ப வாத்தியாரைக் கேட்டுப் பாருங்கள். கம்பைக் கீழே வைத்துவிட்டுக் கால்வரிசையை மட்டும், கால்வாசி வேகத்தில் காட்டச் சொல்லுங்கள். பாரம் மாற்றுவதை அவரைவிடச் சுத்தமாகக் காட்ட ஆள் கிடையாது. இதற்கு ஆய்வு ஆதாரம் கேட்காதீர்கள். யாராவது செய்து பார்த்தால்தானே ஆதாரம் வரும். ‘ஒரே வாரத்தில் சர்க்கரைக்கு விடுதலை’ என்று ஃப்ளெக்ஸ் வைத்துப் பணம் கேட்கிறவர் கண்ணில் பட்டால் மட்டும் தாய் சியை மறந்து ஓடுங்கள்.

ஊராட்சி மன்றத் தலைவர், ஆலத்தூர் வட்டம்: பெரியவர்களுக்காகச் சமுதாயக் கூடத்தில் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். எவ்வளவு செலவாகும்?

கூடத்தைத் திறக்கிற சாவி யாரிடம் இருக்கிறதோ, அவரைக் காலை ஆறு மணிக்கு எழுப்புகிற செலவுதான். நூறு நாள் வேலைக்கு வருகைப்பதிவு எடுப்பதற்கு முன்னால் முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெண்கள் வர மாட்டார்கள். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கை வைத்தது. தரை வழவழ டைல்ஸாக இருந்தால் தண்ணீர் தெளிக்க விடாதீர்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் உங்கள் ஊருக்கும் வருகிறது. பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற தன்னார்வலர் பெண்ணிடம் கேட்டால் யார் யாருக்கு என்ன நோய் என்ற பட்டியல் அவர் விரல்நுனியில் இருக்கும். அந்தத் திட்டத்தில் வீட்டுக்கு வருகிற பிசியோதெரபிஸ்டை மாதம் ஒரு தடவை கூடத்துக்கும் வரவழையுங்கள். யார் எதைச் செய்யக் கூடாது என்று அவர் சொல்வார். வாரம் ஒரு நாள் பிரஷர் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அதே நோட்டில் இன்னொரு பத்தி போடுங்கள்: இந்த மாதம் யார் விழுந்தார்கள், எங்கே விழுந்தார்கள். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டை எனக்கு அனுப்பினால் இந்தப் பகுதியில் ஒரு பக்கம் உங்களுக்கு. தொடக்க விழாவுக்குப் பொன்னாடை வேண்டாம், அதில் தடுக்கி யாராவது விழப்போகிறார்கள்.

‘பெயர் போட்டால் வம்பு’, செந்துறை: என் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்தே எல்லா வேலையையும் மெதுவாகத்தான் செய்கிறார். அதைத் தாய் சி என்று எடுத்துக்கொள்ளலாமா?

பாரம் அவருடைய ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினால் தாய் சி. உங்கள் தோளுக்கு மாறினால் அதற்கு வேறு பெயர்.